சேர்மன் வண்டி கொதிப்பதில்லை

குறிச்சிக்கணவாய் என்ற ஊரில், மலைச்சாலை தொடங்குகிற இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. மேலே போகிற வண்டிகள் எல்லாம் அந்தத் தொட்டியருகே நின்று, ரேடியேட்டருக்கு வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும், போய் யானைமூக்கு வளைவில் கொதித்து நின்று ஆவி விடும், ஆவி அடங்கும்வரை வண்டிக்காரர்கள் பாறைமேல் உட்கார்ந்து யாருடைய வண்டி எந்த வளைவுவரை தாங்கியது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஊரில் ஒருவருடைய மதிப்பை நிலத்தை வைத்து அளக்கமாட்டார்கள், நகையை வைத்து அளக்கமாட்டார்கள், அவர் வண்டி எங்கே கொதித்தது என்பதை வைத்துத்தான் அளப்பார்கள். தொட்டியைத் தாண்டியதும் கொதித்தவன் வீட்டில் பெண் எடுக்கத் தயங்குவார்கள். யானைமூக்கைத் தாண்டிக் கொதித்தவனுக்குக் கோயில் விழாவில் முன்வரிசை.

ஒன்றியச் சேர்மன் திருமூர்த்தியின் வெள்ளைக் கார் யானைமூக்குக்கு முன்னாலேயே கொதித்துவிடும். அவர் அதைக் குடும்பத்தில் ஒருவன் ஓடிப்போன அவமானத்தைப் போல வெளியே சொல்லாமல் தாங்கிவந்தார். அவருக்கு மஞ்சள் மண்டி இருந்தது. ரேடியேட்டரில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஒழுகினால் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுவது எங்கள் ஊர் வைத்தியம், தூள் போய் ஓட்டையில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும், பிறகு ஆயுசுக்கும் கவலையில்லை என்பார்கள். மற்றவர்கள் சிட்டிகை போட்டார்கள். சேர்மன் மண்டிக்காரர் ஆனதால், ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும், வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்குச் சூடம் காட்டிவிட்டு ஒரு கை அள்ளிப் போட்டார்.

அந்த வண்டியை ஓட்டியவன் அத்தியப்பன். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டான், பேசினால் வண்டியோடு பேசுவான். சோறு தின்னும்போதுகூடத் தெருவில் அந்த வண்டியின் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காதைத் திறந்து வைத்திருப்பான். ஓட்டும்போது ஒரு கண் சாலையில் இருக்கும், இன்னொரு கண் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற சூட்டு முள்ளில் இருக்கும்.

ஒரு கத்திரி வெயிலில், மகனுக்குப் பேசிவைத்த சம்பந்தி வீட்டாரைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு, "நம்ம வண்டி இந்த மலையில கொதிச்சதா சரித்திரமே இல்லீங்க" என்று சேர்மன் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், முள் எழுந்து சிவப்புக் கோட்டைத் தொடப் போவதை அத்தியப்பன் பார்த்தான். பின்னால் இருக்கும் சேர்மனின் மானத்தையும் முன்னால் இருக்கும் வண்டியின் மூச்சையும் நினைத்து ஸ்டியரிங்கின்மேல் குனிந்தான். "கொதிச்சிராத கண்ணு, பொறுத்துக்க கண்ணு" என்று உதட்டுக்குள்ளேயே கெஞ்சினான். முள் கொஞ்சம் யோசித்தது. பிறகு மெதுவாகச் சரிந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அத்தியப்பனின் காதுமடல்கள் காய்ந்தன, கழுத்து காய்ந்தது, உச்சந்தலை காய்ந்தது, தலைமுடி வழியே லேசாக ஆவி போயிற்று. மலை உச்சியில் சம்பந்திமார் இறங்கி பானட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். அது மண்பானைபோல் குளிர்ந்திருந்தது. அங்கேயே சம்பந்தம் உறுதியாயிற்று. டிரைவரை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து சேர்மன் வண்டி கொதிப்பதில்லை. டிரைவர் கொதித்தான்.

ஊர் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டதாக எனக்கு நினைவில்லை. ஆச்சரியப்படுவதற்குள் பழகிவிட்டது. தொட்டியருகே மற்ற வண்டிகளுக்கு பானட்டைத் தூக்குவார்கள், சேர்மன் வண்டிக்குக் கதவைத் திறந்து அத்தியப்பன் தலையில் இரண்டு குடம் ஊற்றுவார்கள், சுள்ளென்று சத்தம் வரும், ஆவி கிளம்பும், கதவைச் சாத்திக்கொண்டு அவன் போய்விடுவான். டீக்கடை ராசுக்குட்டி, பால் ஆறிப்போன நேரங்களில், "மாப்ள, போற வழிதானே, இதக் கொஞ்சம் மடியில வெச்சுக்க" என்று பாத்திரத்தை நீட்டினான். வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுக்க வந்த அதிகாரி, ஒரு நிமிடம் தயங்கி, சட்டப்படி எதைச் சோதிக்க வேண்டும் என்று யோசித்து, எதற்கும் இருக்கட்டும் என்று அத்தியப்பன் முதுகிலும் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரியில் தெர்மாமீட்டர் வெடித்தது. டாக்டர் வேறொன்றை எடுத்தார், அதுவும் வெடித்தது. பொதுவான அசதி என்று எழுதி, சத்து மாத்திரை கொடுத்து, வெயிலில் அலையாதே என்று சொல்லி அனுப்பினார்.

மற்ற முதலாளிகள்தான் உண்மையிலேயே வருத்தப்பட்டார்கள். "அவனும் சம்பளம் வாங்கறான், நீயும் வாங்கற" என்று தங்கள் டிரைவர்களைப் பார்த்துச் சொன்னார்கள். "ஒரு நாளாவது உனக்கு ஒடம்பு லேசா சுட்டுதா? விசுவாசம் இருந்தாத்தானேடா சுடும்?" டிரைவர் சங்கம் கூடி நெடுநேரம் விவாதித்தது. அத்தியப்பன் கொதிப்பதை நிறுத்தவேண்டும் என்று ஒருவர் சொன்னார், அது தனிமனித உரிமை என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில் கொதிக்கிற டிரைவருக்கு முதலாளி தினமும் ஒரு துண்டு தரவேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். சேர்மன் பெருந்தன்மையோடு இரண்டு துண்டு கொடுத்தார்.

ஆடி மாதத்தில் அவன் வியர்வை மஞ்சளாயிற்று. அதன்பிறகு கேட்கவே வேண்டாம். நெற்றியில் வழிகிற வியர்வை மஞ்சள், வாசம் மஞ்சள், பனியனைப் பிழிந்தால் மஞ்சள். அம்மனே இறங்கியிருக்கிறாள் என்று பெண்கள் தட்டோடு வந்தார்கள், வேப்பிலை சொருகினார்கள், குழந்தைகளின் நெற்றியை அவன் கையில் ஒற்றி எடுத்தார்கள். சிலர் தாலிக்கயிற்றைக் கொண்டுவந்து அவன் தோளில் நனைத்துக்கொண்டு போனார்கள். அவன் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றான், குனிந்தால் இன்னும் நன்றாக வழிகிறது என்றார்கள். என் மனைவி அப்போது இருந்தாள். அவளும் கூட்டத்தோடு போய்விட்டு வந்தாள். வந்து, காலைக் கழுவிக்கொண்டே, "எல்லாரும் அவன் தலையில ஊத்தறாங்க, ஒருத்தரும் குடிக்க ஒரு வாய் தண்ணி குடுக்கல" என்றாள்.  

அத்தியப்பனின் மனைவி பாவாயிக்குத்தான் அம்மனும் புரியவில்லை, விசுவாசமும் புரியவில்லை. அவன் படுத்த பாய் கருகியது. மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால், "தள்ளிப் போ சாமி, அப்பன் சுடுவேன்" என்று அவனே விலகினான். பாவாயி கயிற்றுக்கட்டிலின் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் அவன் புகைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளுக்கு நாள் அவன் இளைத்தான். படி ஏறினால் நெஞ்சுக்குள் ஏதோ தட்டுகிற சத்தம் வந்தது.

ஒரு நாள் காலையில் அவனை இழுத்துக்கொண்டு ஜபருல்லா பாயின் ஒர்க் ஷாப்புக்குப் போனாள்.

"தங்கச்சி, இது ஆஸ்பத்திரி கேஸு" என்றார் பாய்.

"ஆஸ்பத்திரிக்குப் போயாச்சுங்கண்ணா. அங்க இருந்த கண்ணாடிக் குச்சியெல்லாம் ஒடைஞ்சு போச்சு. நீங்க பாருங்க."

பாய் வாய்ச்சவடால் பேர்வழி. ஆனாலும் கொதிக்கிற எதைக் கண்டாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. வண்டி பார்க்கிற வரிசையிலேயே அவனையும் பார்த்தார். தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறானா என்று கேட்டார். எங்காவது ஒழுகுகிறதா என்று கேட்டார், "ஏனுங்க பாய், என்ன கேள்வி இது" என்று அத்தியப்பன் கூசினான். இடுப்புக் கயிறு தொய்வாக இருக்கிறதா என்று சுண்டிப் பார்த்தார், காற்றாடிக்குப் பெல்ட் தொய்ந்தால் வண்டி இப்படித்தான் காயும் என்றார். நெஞ்சில் காதை வைத்தார், வைத்த வேகத்தில் சூடுபட்டு எடுத்துக்கொண்டு, "பம்ப் ஓடுது. ஆனா சிரமப்பட்டு ஓடுது" என்றார். பிறகு உச்சந்தலையில் கை வைத்தார், கீழே குனிந்து பாதத்தில் கை வைத்தார். பாதம் ஐஸ்கட்டியாய் இருந்தது.

"மேல கொதிக்குது, கீழ சில்லுன்னு இருக்கு. ரேடியேட்டர்ல மேல் ஹோஸ் சுட்டு, கீழ் ஹோஸ் சுடலேன்னா நடுவுல அடைப்புன்னு அர்த்தம். தண்ணி சுத்தி வரல." அவன் கழுத்து வியர்வையை விரலால் தொட்டு முகர்ந்தார். ஊரே கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்த மஞ்சளை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். "இது அம்மனும் இல்ல ஒண்ணும் இல்ல. பழைய ரேடியேட்டர் தண்ணி வாசம். அடைப்பு வண்டியில இருக்கு தங்கச்சி, உங்க வீட்டுக்காரர்கிட்ட இல்ல. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஒரு கை மஞ்சள் போட்டா குழாயெல்லாம் களிமண்ணு மாதிரி இறுகிராதா?"

"யாருங்கண்ணா அப்பிடிப் போடச் சொன்னது?"

"நாந்தான் இந்த ஊருக்கே சொல்லிக் குடுத்தேன்" என்றார் பாய் பெருமையாக. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரேடியேட்டரைக் கழட்டி, கம்பி விட்டுக் குத்தி, தண்ணி அடிச்சுக் கழுவினா ஒரு நாள் வேலை. இல்லாம இன்னொரு தடவ பெரிய ஏத்தம் ஏறினா தாங்காது. காஞ்ச எஞ்சின் முன்னாடி சொல்லாது, படக்குன்னு பிடிச்சுக்கும். பிடிச்சா அப்புறம் சாவி போட்டாலும் எந்திரிக்காது."

"எது எந்திரிக்காது?" என்று பாவாயி கேட்டாள்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பாயையும் கூட்டிக்கொண்டு, நேரே மண்டிக்குப் போனாள்.

சேர்மன் அவர்களை உட்காரச் சொன்னார், மோர் கொடுக்கச் சொன்னார், முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்மா, வண்டியில என்ன கோளாறு?"

"அடைப்புங்க. கொதிக்குதுங்க."

"எங்க கொதிக்குது? முள்ளு அசையவே இல்லியேம்மா. நீ வேணா வந்து பானட்டத் தொட்டுப் பாரு. ஊருல இருக்கற வண்டியிலேயே நல்லா ஓடறது அது ஒண்ணுதான். அதப் போய்ப் பிரிச்சுப் போடச் சொல்றியா? யோவ் பாய், ஓடற வண்டியப் பிரிக்கலாமாய்யா?"

"ஓடற வண்டியப் பிரிக்கக் கூடாதுங்க" என்றார் பாய். தொழில் தர்மம் அப்படித்தான் சொல்கிறது.

"அப்பறம்? வேணும்னா ஆளை ரிப்பேர் பண்ணிக்கங்க, நான் வேண்டாங்கல. அதுவும் அடுத்த வாரம் பண்ணிக்கங்க. வர்ற ஞாயித்துக்கெழம மந்திரி மலைக்கு வர்றாரு, நம்ம வண்டியிலதான் ஏறறாரு. கொதிக்காத வண்டின்னு கேள்விப்பட்டு அவரே கேட்டு ஏறறாரு."

பாவாயி மோரைத் தொடாமல் எழுந்தாள். வீட்டுக்கு வந்து, "அந்த வேலை வேண்டாம், போகாதீங்க" என்றாள். மந்திரி வருகிற நாளில் எப்படிப் போகாமல் இருப்பது என்றான் அத்தியப்பன். தான் இல்லாமல் வேறு எவனாவது ஏறி உட்கார்ந்து கியரைக் கரகரவென்று போட்டால் அந்த வண்டி என்ன பாடுபடும் என்றான். அதைச் சொல்லும்போதே அவன் காது சிவந்து ஆவி வந்தது. வண்டி அப்போது சேர்மன் வீட்டுக் கொட்டகையில் சும்மா நின்றுகொண்டிருந்தது. பாவாயி அந்த ஆவியையே பார்த்தாள். அன்று முழுவதும் அவனைக் கவனித்தாள். மகள் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லும்போது அவன் ஆறினான். தெருவில் ஹாரன் சத்தம் கேட்டால் சுட்டான்.

"ஏனுங்க, நீங்க அந்த முள்ளப் பாக்காம ஓட்டுங்க."

"கண்ணு தானாப் போகுது புள்ள."

"அவரு பாக்கறாரா? வண்டி அவருதுதானே?"

"அவரு எதுக்குப் பாக்கறாரு? அதான் நான் இருக்கறேனே."

ஞாயிற்றுக்கிழமை தொட்டியருகே தோரணம் கட்டி, மேளம் வைத்து, பத்திரிகைக்காரர்களை நிறுத்தியிருந்தார்கள். மந்திரியின் முன்னால் டிரைவர் தலையில் குடம் ஊற்றுவது மரியாதையாக இருக்குமா என்று விழாக் குழுவில் ஒரு குழப்பம் வந்தது. அப்போது பாவாயி குடத்தோடு முன்னால் வந்து, "நான் முன்சீட்டுல உக்காந்து போற வழியிலேயே ஊத்திக்கறேனுங்க" என்றாள். நல்ல யோசனை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பெண்களுக்கும் நிர்வாகத்தில் இடம் கொடுப்பதாக ஆயிற்று என்று குழுத் தலைவர் பத்திரிகைக்காரரிடம் சொன்னார்.

வண்டி ஏறியது. பின்னால் ஊரின் வண்டிகள் எல்லாம் வரிசையாக ஏறின, முதல் வளைவில் ஒன்று கொதித்து ஒதுங்கியது, அடுத்ததில் இன்னொன்று, அதற்கடுத்ததில் மூன்று, ஒவ்வொன்றும் ஒதுங்கும்போது சேர்மன் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், ஒவ்வொரு பெருமூச்சுக்கும் அத்தியப்பனின் கழுத்து ஒரு நிறம் சிவந்தது. பாவாயி அள்ளி அள்ளி ஊற்றினாள். தண்ணீர் தோளைத் தொடுமுன் ஆவியானது. அவன் கைபட்ட இடத்தில் ஸ்டியரிங் இளகியது. அவன் நெஞ்சுக்குள் அந்தத் தட்டுகிற சத்தம், என்ஜின் சத்தத்தையும் மீறி அவளுக்குக் கேட்டது.

"ஏன்யா வண்டிக்குள்ள இவ்வளவு வெக்கை?" என்று கேட்டார் மந்திரி.

"டிரைவர்தாங்க. வண்டி இல்லீங்க" என்றார் சேர்மன்.

யானைமூக்கு தெரிந்தது. குடம் காலியாகிவிட்டது. பாவாயி முந்தானையை எடுத்தாள், சூட்டு முள்ளின் கண்ணாடியை அதனால் மூடி, ஓரத்தை இடுக்கில் சொருகினாள்.

"முள்ளு தெரியல புள்ள" என்று அத்தியப்பன் பதறினான்.

"ரோட்டப் பாருங்க. பாப்பாவுக்கு முன்பல்லு விழுந்துச்சே, அத எங்க வெச்சீங்க?"

"பல்லா?"

"உங்ககிட்டத்தான் குடுத்தாளாமே. கூரை மேல எறியறேன்னு சொன்னீங்களாம். எறிஞ்சீங்களா இல்லியா? தெனமும் என்னக் கேக்கறா."

"எறிஞ்சேன்... இல்ல, எறியல. சட்டைப் பையில வெச்சேன்."

"எந்தச் சட்டை?"

அவன் யோசித்தான். நீலக்கோடு போட்டதா, காக்கியா? நீலச் சட்டையைத்தான் அன்றைக்குத் துவைக்கப் போட்டது, துவைக்கும்போது பையைப் பார்த்தாளா? பார்க்கவில்லை என்றாள். அப்படியானால் ஆற்றோடு போயிருக்கும். போனால் பாப்பா என்ன சொல்வாள்? இன்னொரு பல் ஆடுகிறதா? ஆடுகிறது, மேல்வரிசையில், நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்கிறாள், சொன்னால் கேட்பதில்லை. இப்படி அவர்கள் பேசப் பேச, பின்சீட்டில் இருவர் வாய்பிளந்து கேட்க, அவன் காதுமடல் வெளுத்தது, கழுத்து வெளுத்தது, உச்சந்தலையில் ஆவி மெலிந்து நூலாகி அறுந்தது. முந்தானைக்கு அடியில் முள் எழுந்து நின்றதை யாரும் பார்க்கவில்லை.

முதலில் பானட்டுக்குள் யாரோ உலக்கை போடுவதுபோல் சத்தம் வந்தது. பிறகு உஸ்ஸென்று நான்கு பக்கமும் மஞ்சள் ஆவி கிளம்பிச் சாலையை மூடியது. யானைமூக்கு வளைவின் நட்டநடுவில் வண்டி ஒருமுறை விக்கி நின்றது.

"அத்தியப்பா!" என்று சேர்மன் அலறினார். "என்னடா பண்ணின என் வண்டிய?"

"கொதிச்சிருச்சுங்க" என்றான் அத்தியப்பன். "ஆறட்டுங்க. சூட்டுல மூடியத் திறக்கக் கூடாதுங்க."

மந்திரி பார்த்துக்கொண்டிருக்கிறார், பின்னால் மிச்சமிருந்த வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன, ஆறும்வரை நிற்க ஒரு சேர்மனால் முடியுமா? தொட்டியருகே தனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கையில் சுற்றிக்கொண்டு அவரே மூடியைத் திருகினார். அத்தனை வெள்ளிக்கிழமைகளின் மஞ்சளும் ஒரே வீச்சில் வானத்துக்குக் கிளம்பி, அவர்மேலும் மந்திரிமேலும் சாவகாசமாக இறங்கியது. நல்லவேளையாக இறங்குவதற்குள் கொஞ்சம் ஆறியிருந்தது. இருவரும் மஞ்சள் நீராடிய மணப்பெண்கள்போல் நின்றார்கள். மந்திரி மக்களின் பண்பாட்டோடு கலந்தார் என்று மறுநாள் பத்திரிகை எழுதியது. நிறம் போக வருடக்கணக்கானது என்று சொல்வார்கள். அதே வாரம் பாய் ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்ததும், சுத்தமான வண்டிக்குப் புது டிரைவர் தேடி சேர்மன் ஆள் எடுத்தபோது வந்தவர்களின் நெற்றியில் எல்லாம் கை வைத்துப் பார்த்து, "ஒருத்தன்கிட்டயும் சூடே இல்லியேய்யா, இந்தக் காலத்துப் பசங்களுக்கு விசுவாசமே கெடையாது" என்று நொந்துகொண்டதும் பிறகு நடந்தவை.

அந்த நேரத்தில், எல்லோரும் மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அத்தியப்பன் சாலையோரக் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தான். வண்டிக்குள் கிளம்பிய ஆவியெல்லாம் ஆறி, அவன் சட்டை முழுவதும் தண்ணீர். கணவாயிலிருந்து காற்று வந்தது. பாவாயி பக்கத்தில் வந்து, பயந்து பயந்து அவன் நெற்றியில் ஒரு விரலை வைத்தாள், பிறகு உள்ளங்கையை வைத்தாள், வைத்த கையை எடுக்கவில்லை.

அவன் கையில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. பல் கிடுகிடுத்தது.

"குளிருது புள்ள" என்றான்.

"குளிரட்டும்" என்றாள் அவள், இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொண்டு.